துவக்குச் சீட்டு – அத்தியாயம் 11

காலை ஆறேகால். றெஜினா குளித்துவிட்டுக் குசினிக்குள் வந்தபோது மேசையில் அவளுக்கான தேநீர் ஆவி பறக்க இருந்தது. கோப்பைக்குப் பக்கத்தில், நன்றாக விரித்து, மூலைகளைக் கையால் தடவிச் சமப்படுத்தி, அந்தத் தாள்.

வேலைச் சட்டைகளுக்கு அடியில் அவள் நேற்று ஒளித்து வைத்த தாள். பொலிசிலிருந்து வந்தது. றெஜினா கிருபாகரன், பிறந்த இடம் மன்னார், சுவிஸ் பிரஜை, ஒரு கைத்துப்பாக்கி வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும்.

கணவர் கிருபாகரன் ஜன்னலோரம் நின்றார். வெளியே அவர்களுடைய சுவிஸ் ஊரான திரிம்பாக் முழுவதையும் நவம்பர்ப் பனிமூட்டம் மூடியிருந்தது. எதிர்க் கட்டிடத்து விளக்குகள் மட்டும் மஞ்சள் கறைகளாய்த் தெரிந்தன.

“உடுப்பு அடுக்கப் போனனான். தேடி எடுக்கேல்லை,” என்றார் திரும்பாமலே.

“வாசிச்சிட்டியளோ?”

“ஓம்.”

“எல்லாமோ?”

“எனக்கு விளங்கின அளவுக்கு.”

றெஜினா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். தேநீரைத் தொடவில்லை.

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், றெஜி.”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பியள்?”

“வேண்டாம் எண்டு.”

“அதுதான் கேக்கேல்லை.”

நடந்ததைத் திரும்பச் சொல்ல றெஜினாவுக்கே இப்போது அலுத்துவிட்டது. பொலிசுக்கு மூன்று தடவை, வேலையிடத்தில் இரண்டு தடவை, ஞாயிறு பூசை முடிந்து விசாரித்தவர்களுக்கு அரைகுறையாகப் பல தடவை சொல்லியாயிற்று. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, படுக்க வைக்கும் வேலை அவளுக்கு. அப்படிப் பார்த்து வந்தவர்களில் ஒருவர்தான் ஃப்ராவ் வீஸ், அதாவது திருமதி வீஸ். எண்பத்துநாலு வயது. மூன்று கிழமையாக அவருடைய மேற்கைகளில் விரல் அடையாளங்கள் நீலமாய்க் கிடப்பதைக் கண்டு, றெஜினா கண்டதைக் கண்டபடி அறிக்கையில் எழுதினாள். அதன் பிறகு ஃப்ராவ் வீஸ் முதியோர் இல்லத்துக்குப் போனார். அவரோடு இருந்த மகன் பேயாட் தனித்துப் போனான்.

செப்ரெம்பரில் ஒரு மாலை, ஒரு கட்டிடத்தின் படிக்கட்டில், பேயாட் அவளுடைய கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். மேல்மாடிக் கதவு ஒன்று திறந்த சத்தம் கேட்டு விட்டுவிட்டு ஓடினான். கதைக்கத்தான் போனேன், தொடவே இல்லை என்று பொலிசில் சொன்னான். கதவைத் திறந்த மனிசி அவனுடைய முதுகை மட்டும்தான் கண்டிருந்தார். விசாரணை நடந்துகொண்டிருந்தது. அவனும் நடந்து திரிந்தான்.

அதற்குப் பிறகுதான் மூட்டத்துக்குள் அந்த உருவம். கடைசி வீட்டு வேலை முடிந்து அவள் காரை நோக்கி நடக்கும்போது, எதிரே சைக்கிள் கொட்டகைக்குள் ஒரு ஆள் அசையாமல் நிற்பான். கிழமையில் இரண்டு நாள், மூன்று நாள். மூன்றாவது தடவை கண்ட அன்றைக்குத்தான் அவள் விண்ணப்பத்தை நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் பொய் எழுதவில்லை. ‘தற்காப்பு’ என்றே எழுதினாள்.

“ஊரிலை எங்கட பெரியண்ணையின்ர கட்டிலுக்குக் கீழை ஒரு துவக்கு கிடந்தது,” என்றார் கிருபாகரன். “காவலுக்கு வைச்சிரு எண்டுதான் இயக்கப் பொடியள் குடுத்தவை. அது கிடக்கெண்டு கேள்விப்பட்டுத்தான் மற்றவங்கள் வீட்டுக்கு வந்தவங்கள். அது இல்லாட்டி எங்கட படலையைத் திரும்பியும் பாத்திருக்க மாட்டாங்கள்.”

“அது சண்டை நடந்த இடம்.”

“துவக்குக்கு இடம் தெரியாது, றெஜி.”

றெஜினாவின் குரல் உயரவில்லை. கையை மட்டும் தன் கழுத்துக்குக் கொண்டுபோனாள். “என்னைப் பிடிச்சவனிட்டைத் துவக்கு இருக்கேல்லை. கைதான் இருந்தது. என்னட்டையும் கைதான் இருந்தது. ஆரின்ர கை பெரிசு? நீங்கள் சொல்லுங்கோ. அவன் நினைச்சிருந்தா அண்டைக்கே முடிச்சிருப்பான். கடவுள் ஒரு மனிசியைக் கதவு திறக்க வைச்சார். ஒவ்வொரு நாளும் ஒருத்தி கதவு திறப்பாளோ?”

றோஷினி ஈரத் தலையோடு வந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தட்டில் கிடந்த பாண் துண்டை எடுத்தாள். இருபத்துமூன்று வயது. பக்கத்து நகரமான ஓல்டனில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறாள்.

“இஞ்ச வீட்டுக்கு வீடு துவக்கு கிடக்கு, அப்பா. என்னோட படிச்ச பொடியள் எல்லாம் ஆமித் துவக்கை நிலவறையிலை வைச்சிருக்கிறாங்கள். நீங்கள் ஏதோ குண்டு வாங்கிற மாதிரிக் கதைக்கிறியள்.”

“கிடக்கு, பிள்ளை. அலுமாரிக்கை கிடக்கு. ஆரும் கடைக்குப் போகேக்கை பையிலை கொண்டு போறேல்லை.”

“அம்மாவுக்குப் பிரச்சினை அலுமாரியிலை இல்லையே. கார் விடுற இடத்திலை.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்,” என்று எழுந்தார் கிருபாகரன். ஏழு மணிக்கு அவருக்கு வேலை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பெரிய சலவைக்கூடம் அது. செருப்பு மாற்றும்போது மட்டும் ஒருமுறை கேட்டார். “இண்டைக்குப் போறியோ வாங்க?”

“மத்தியானம். றோஷினியும் வாறாள்.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடித்துச் சாத்தவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரு கதவையும் அடித்துச் சாத்தியதில்லை. அதுதான் றெஜினாவைக் கூடுதலாக வருத்தியது.

துப்பாக்கிக் கடை ஆற்றங்கரைப் பக்கத்துச் சிறு தெருவில் இருந்தது. கண்ணாடிக்குள் வேட்டைக்காரரின் பச்சைச் சட்டைகள், சப்பாத்துகள், கத்திகள். உள்ளே போனால்தான் சுவரோடு துப்பாக்கிகள். கடைக்காரி ஃப்ராவ் ஆமானுக்கு அறுபது வயதிருக்கும். கட்டையான நரைத்த முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. தாளை வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தார்.

“தற்காப்பு,” என்றார். “பலர் விளையாட்டுக்கு என்று எழுதுவார்கள். நீங்கள் உண்மையை எழுதியிருக்கிறீர்கள். என்ன நடந்தது?”

றெஜினா தன் யேர்மன் மொழியில் சுருக்கமாகச் சொன்னாள். ஃப்ராவ் ஆமான் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் ஒரு கறுப்புக் கைத்துப்பாக்கியை எடுத்து, திறந்து, உள்ளே வெறுமை என்று இருவருக்கும் காட்டி, றெஜினாவின் கையில் வைத்தார்.

குளிர்ந்து கனத்தது. ஆனால் கை தடுமாறவில்லை. எழும்ப முடியாத மனிதர்களைப் பதினைந்து வருடமாகத் தூக்கி இருத்திய மணிக்கட்டு அது.

“உங்களுக்கு நல்ல கை,” என்றார் ஃப்ராவ் ஆமான்.

றெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. ஏழு கிழமையாகக் காதுவரை ஏறிக் கிடந்த தோள்கள் அந்த நேரம் கீழே இறங்கின. இதுதான், இவ்வளவுதான் எனக்கு வேணும் என்று மனம் சொன்னது. பக்கத்தில் நின்ற றோஷினி மெல்ல அம்மாவின் முதுகைத் தடவினாள்.

“எடுங்கோ அம்மா.”

“ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்,” என்றார் கடைக்காரி. “இந்தத் தாள் வாங்குவதற்கும் வீட்டில் வைத்திருப்பதற்கும்தான். பையில் வைத்துக்கொண்டு தெருவில் போவதற்கு இன்னொரு அனுமதி வேண்டும். ஆபத்து உண்மையானது என்று நிரூபிக்க வேண்டும், சோதனை எழுத வேண்டும், சுட்டுக் காட்ட வேண்டும். முப்பது வருடமாக இந்தக் கடையில் இருக்கிறேன். அந்த அனுமதி கிடைத்த சாதாரண ஆட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடுவேன்.”

“அனுமதி கிடைத்தால்?” என்று கேட்டாள் றெஜினா.

ஃப்ராவ் ஆமான் கையை நீட்டினார். “உங்கள் பையைத் தாருங்கள்.”

வெறும் துப்பாக்கியை றெஜினாவின் வேலைப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்துப் பூட்டினார். பிறகு கடைக் கதவடிக்குப் போய் நின்றார். ஆறு மீற்றர் இருக்கும்.

“நான்தான் அவன். நடந்து வருகிறேன். ஓட மாட்டேன். நீங்கள் எடுங்கள்.”

றெஜினா ஸிப்பைத் திறந்தாள். கையுறைப் பெட்டி, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டி, ஆறு வீட்டுத் திறப்புகள் கோத்த வளையம். விரல்கள் இரும்பைத் தொட்டபோது ஃப்ராவ் ஆமானின் கை ஏற்கெனவே அவளுடைய தோளில் இருந்தது.

“திரும்ப ஒருக்கா,” என்றாள் றெஜினா, தமிழிலேயே. கடைக்காரிக்கு விளங்கியது.

இந்தத் தடவை அவள் பையைத் திறந்தே வைத்திருந்தாள். கடைக்காரி கொளுவியில் தொங்கிய ஒரு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் அடி வைக்கும்போதே துப்பாக்கி வெளியே வந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். மூச்சு இரைத்தது.

“வேகம்தான்,” என்றார் ஃப்ராவ் ஆமான், நின்ற இடத்திலிருந்தே. “என் முகத்தைப் பார்த்தீர்களா?”

“இல்லை.”

“எதைப் பார்த்தீர்கள்?”

“கையை.”

கடைக்காரி தொப்பியைக் கழற்றினார். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. “நான் இதை விற்றுத்தான் சாப்பிடுகிறேன். கடைக்கு மேலே தனியாக இருக்கிறேன், என் கட்டிலடியில் பூட்டிய பெட்டிக்குள் ஒன்று இருக்கிறது. யாராவது கதவை உடைத்தால் அது எனக்கு வேண்டும். ஆனால் பாண் வாங்கப் போகும்போது அதைக் கொண்டு போவதில்லை. சரி, வாங்குவதென்றால் பெட்டியும் பார்க்க வேண்டும். வீட்டில் யார் யார்?”

“நானும் மகளும் கணவரும்.”

“அவரும் சுவிஸ் பிரஜையா?”

“இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு. நிரந்தர வதிவிட அனுமதி.”

ஃப்ராவ் ஆமான் பேனையைக் கீழே வைத்தார். சில நாட்டுக்காரருக்கு இங்கே துப்பாக்கி வாங்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. அதை அவர் மெதுவாக, மன்னிப்புக் கேட்பவர் போலச் சொன்னார். “ஆகவே பெட்டியின் திறப்பு உங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். அவர் கைக்கு எட்டக் கூடாது. எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருந்தால் நல்லது. அவரிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா?”

றெஜினா துப்பாக்கியை மெல்ல மேசையில் வைத்தாள்.

மூன்று பேரும் ஒன்றாகத்தான் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கிருபாகரன் மொழிச் சோதனையின் எழுத்துப் பகுதியில் தவறினார். இரண்டாம் தடவை எழுத வெட்கப்பட்டு, ‘நீங்கள் ரெண்டு பேரும் எடுங்கோ, எனக்கென்னத்துக்கு’ என்று விட்டுவிட்டார். இனி அவருடைய தலையணைக்கு இரண்டு மீற்றர் தள்ளி, அவர் தொடக்கூடாத ஒரு பெட்டி.

“சனிக்கிழமை வருகிறேன்,” என்றாள். “இன்றைக்கு முடியாது.”

“ஆறு மாதம் இருக்கிறது,” என்றார் கடைக்காரி. போகும்போது ஒரு சிறு கறுப்புக் குப்பியை மேசையில் வைத்தார். கண்ணில் அடித்தால் எரியும் பெப்பர் ஸ்ப்ரே. “இதற்கு அனுமதி வேண்டாம். பையில் வைக்காதீர்கள். சட்டைப் பையில் வையுங்கள்.”

பஸ் தரிப்பிடம் வந்ததும் றோஷினி கேட்டாள்.

“அப்பாவுக்கு ஒளிச்சுத் திறப்பு வைப்பியளோ, அம்மா?”

“தெரியேல்லை, பிள்ளை.”

“நானெண்டால் வாங்கியிருப்பன்,” என்றாள் றோஷினி. “ஆனா நான் அவரோட இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்தேல்லை.”

அன்றைய கடைசி வீடு ஹேர் லூத்தி என்ற கிழவருடையது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், நாலு மாடிக் கட்டிடம். அவருக்குக் காலுறை கழற்றி, மருந்து கொடுத்து, தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துவிட்டு றெஜினா கீழே வந்தபோது ஐந்தே முக்கால். இருட்டியிருந்தது. மூட்டம் காலையைவிடத் தடிப்பாக இறங்கியிருந்தது. கார் முப்பது அடி தூரத்தில் நின்றது.

வலது கை சட்டைப் பைக்குள் குப்பியைப் பிடித்திருந்தது.

கொட்டகைக்குள் ஆள் நின்றான்.

கொட்டகைக்குள் நின்ற உருவம் இன்றைக்கு அவள் கண்முன்னே அசைந்தது. கொட்டகையை விட்டு வெளியே வந்தது. தெருவைக் கடந்தது. தலையில் குல்லா, முகத்தில் பாதிக்குக் கழுத்துத்துணி. அந்த நேரம் பார்த்துச் சரக்கு ரயில் ஒன்று முடிவில்லாமல் தடதடத்துப் போனது. உருவம் ஏதோ சொன்னது போல இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அதன் கை நீண்டு அவளுடைய பையை நோக்கி வந்தது.

றெஜினா குப்பியை எடுத்து அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். விரல் நோகும்வரை அழுத்தினாள்.

“ஐயோ, யேசுவே! றெஜி! நான்! நான்!”

ரயிலின் கடைசிப் பெட்டி கடந்து போயிருந்தது.

கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் துவைக்கும் அறை. றெஜினா கணவனைத் தொட்டியின்மேல் குனிய வைத்து, குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, நெற்றியைத் தன் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டாள்.

“கசக்காதேங்கோ. கண்ணை மூடி மூடித் திறவுங்கோ.”

“எரியுது.”

“எரியும். கசக்காதேங்கோ எண்டெல்லே சொல்லுறன்!”

அவளுடைய கைகள் வேலை தெரிந்த கைகளாய் நிதானமாக இருந்தன. அவளும் இருமினாள், அவரும் இருமினார். கதவைத் திறந்த ஒரு வயோதிபப் பெண், துவைக்கும் கூடையோடு நின்று, “இன்று வியாழன், துவைக்க என் முறை,” என்றார். றெஜினா திரும்பிப் பார்த்த பார்வையில் கூடையோடு அப்படியே மேலே போய்விட்டார்.

“நான் கூப்பிட்டனான்,” என்றார் கிருபாகரன் தண்ணீருக்குள்ளிருந்து. “கோச்சிச் சத்தத்திலை உனக்குக் கேக்கேல்லை. பையை வாங்கத்தான் கையை நீட்டினனான்.”

“இஞ்ச என்ன செய்யிறியள்? உங்களுக்கு ஓவர்டைம் எண்டெல்லே சொன்னனீங்கள்?”

தண்ணீர் ஓடியது. அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஓவர்டைம் ஒண்டும் இல்லை. ரெண்டு மாதமா இல்லை. மூண்டரைக்கு வேலை முடிஞ்சா பஸ் எடுத்து இஞ்ச வருவன். நீ காரிலை ஏறிப் போகுமட்டும் நிப்பன். பிறகு அடுத்த பஸ்ஸிலை வருவன்.”

றெஜினா குழாயை மூடினாள்.

“வரமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனீங்கள்.”

உண்மைதான். அந்தப் படிக்கட்டுச் சம்பவத்துக்கு அடுத்த நாளே அவர் கூடவே வருகிறேன் என்று நின்றார். சின்னப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரிகிற மாதிரி என்னைக் கூட்டிக்கொண்டு திரிய வேண்டாம், வேலையிடத்திலை சிரிப்பினம் என்று அவள்தான் கத்தினாள். வரமாட்டேன் என்று சொல்ல வைத்தாள்.

“பண்ணினனான்,” என்றார். “அதுதான் கொட்டகைக்கை நிண்டனான். கிட்ட வரேல்லையே.”

“உங்களைக் கண்டுதான்...” அவள் அவருடைய ஈரக் குல்லாவைக் காட்டினாள். “அந்த ஆளைக் கண்டு பயந்துதான் நான் சீட்டுக்கு எழுதிப் போட்டனான். விளங்குதோ உங்களுக்கு? உங்களைக் கண்டு.”

கிருபாகரன் நிமிர்ந்தார். கண்கள் இரண்டும் இரத்தமாய்ச் சிவந்து, மூக்கு ஒழுகி, குல்லா ஈரத்தில் காதில் ஒட்டிக் கிடந்தது. அந்தக் கோலத்தில் அவர் அவளை உற்றுப் பார்க்க முயன்றார், முடியாமல் கண்ணை மூடினார்.

“இண்டைக்கு அது உன்ர கையிலை இருந்திருந்தா...”

“சொல்லாதேங்கோ.”

அவள் அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதாள். அழுதுகொண்டே, ஸ்ப்ரே நெடி மூக்கில் ஏற, இரண்டு தும்மல் தும்மினாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. கொஞ்ச நேரம் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று பிரிக்க முடியாதபடி துவைக்கும் இயந்திரத்தில் சாய்ந்து நின்றார்கள்.

“திறப்புக் கதை தெரியும் எனக்கு,” என்றார் அவர் மெதுவாக. “சீட்டு வந்த உறைக்குள்ளை சட்டம் எழுதின ஒரு துண்டு வைச்சிருந்தவை. நேற்று இரவு ஏழெட்டுத் தரம் வாசிச்சனான். என்ர நாட்டின்ர பேரைக் கண்டனான். உனக்கு அதைச் சொல்ல ஏலாமல் இருக்குமெண்டு எனக்குத் தெரியும். அதுதான் இண்டைக்கு நானே வந்து எல்லாத்தையும் சொல்லுவம் எண்டு கடந்து வந்தன்.”

றெஜினா கைலேஞ்சியால் அவருடைய முகத்தை ஒற்றினாள். “சொல்லியிருந்தா நான் இப்பிடிப் பயந்திருக்க மாட்டன். அதுவும் திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்ர உயிரே போட்டுது. ஏன் காரடிக்கு வந்து கண்ணாடியிலை தட்டினனீங்கள்? ஆருக்கும் சொல்லேல்லை நான். வீட்டை வந்து கதவை ரெண்டு தரம் பூட்டிப் பாத்தனான்.”

கிருபாகரனின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“திங்கட்கிழமையோ?”

“ஓம். நான் காரைத் திருப்பேக்கை. விரலை மடிச்சு மூண்டு தரம் தட்டினனீங்கள்.”

“றெஜி,” என்றார். “திங்கட்கிழமை எனக்கு உண்மையாவே ரெண்டாம் ஷிஃப்ட். ஒன்பதரைக்குத்தான் வேலை விட்டது. நான் வரேல்லை.”

எங்கோ மேலே ஹேர் லூத்தியின் தொலைக்காட்சி சத்தமாகக் கேட்டது.

கிருபாகரன் கைலேஞ்சியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். “ஒரு சாம்பல் கார். ரெண்டு நாள் கண்டனான், சந்தியிலை லைற்றை அணைச்சுப் போட்டு நிண்டது. உள்ளுக்கு ஒருத்தன். நான் கொட்டகையை விட்டு வெளிச்சத்துக்கு வந்து நிண்டா எடுத்துக்கொண்டு போயிடுவான். ரெண்டாம் நாள் இலக்கத்தைப் பாடமாக்கி வைச்சனான்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா, நீங்கள் ஏன் அங்கை நிண்டனீங்கள் எண்டு கேட்பாயெல்லே.”

றெஜினாவுக்குக் கோபப்படவும் முடியவில்லை. இரண்டு மாதமாக இந்த மனிதர் வெறும் கையோடு குளிரில் நின்றிருக்கிறார். அவர் நின்ற நாளில் அவன் போயிருக்கிறான். அவர் நிற்காத ஒரே நாளில் வந்து கண்ணாடியில் தட்டியிருக்கிறான்.

“அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடவோ?” என்று கேட்டாள். தன் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

கிருபாகரன் வேண்டாமென்று தலையை ஆட்டினார். “வாங்கு எண்டும் நான் சொல்லேல்லை. இப்ப கிழிக்காதை.” பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். “வா. பொலிசுக்குப் போவம்.”

பொலிஸ் நிலையத்தில் அவர்களைக் கண்டதும் இளம் அதிகாரி முதலில் கிருபாகரனின் கண்களைத்தான் பார்த்தார். யார் இதைச் செய்தது என்று கேட்டார். “என் மனைவி,” என்றார் கிருபாகரன் யேர்மனில், மிகத் தெளிவாக. அதிகாரி பேனையை எடுக்க, றெஜினா அவசரமாக முழுவதையும் சொன்னாள்.

பிறகு கிருபாகரன் சொன்னார். சலவைக்கூடத்தில் இருபது வருடமாகக் கதைத்த யேர்மன், இலக்கணம் அங்குமிங்கும் உடைந்த யேர்மன். ஆனால் அவர் ஒரு நாளையும் விடவில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி, கார் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, எந்தப் பக்கம் திரும்பிப் போனது எல்லாம் சொன்னார். கடைசியில் காரின் இலக்கத்தை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு ஒப்புவித்தார். எழுத்துச் சோதனையில் தவறிய மனிதரின் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லையும் அதிகாரி தட்டச்சு செய்துகொண்டிருந்தார். றெஜினா அவருடைய கையை மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள்.

இலக்கத்தை அடித்ததும் அதிகாரியின் விரல்கள் நின்றன. திரையை வாசித்தார். யாருடைய கார் என்று அவர் சொல்லவில்லை. உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். வயதில் மூத்தவர். அவரும் நின்றபடியே வாசித்தார்.

“இன்று இரவு வீட்டில் தனியாக இருக்க மாட்டீர்கள்தானே?” என்று கேட்டார் மூத்தவர்.

“மகளும் இருக்கிறாள்.”

“நல்லது. நாளைக் காலை வேலைக்குப் போகும் முன் எங்களுக்கு ஃபோன் எடுங்கள். எடுக்காமல் போக வேண்டாம்.” அவர் திரையில் இன்னும் கொஞ்சம் கீழே போனார். புருவம் சுருங்கியது. “உங்களுடைய பெயரில் ஒரு அனுமதிச் சீட்டு கொடுக்கப்பட்டிருக்கிறது, ஃப்ராவ் கிருபாகரன். தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கியை வாங்கிவிட்டீர்களா?”

பிடித்திருந்த கை அவளுடைய கைக்குள் அசைவதை உணர்ந்தாள். கிருபாகரன் சிவந்த கண்களைச் சிரமப்பட்டுத் திறந்து அவளைப் பார்த்தார். காலையில் ஜன்னலோரம் நின்ற மனிதர் பார்த்திருக்கக்கூடிய பார்வை அல்ல இது. வேண்டும் என்றும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

இல்லை என்று சொன்னால் உண்மை. அதோடு முடிந்துவிடும்.

“இன்னும் இல்லை,” என்றாள் றெஜினா.

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.